இரண்டு பிரதிகள் கேட்டார்கள்

செவ்வாய் காலை துறைமுகக் கந்தோரில் வரவுப் புத்தகத்தைத் திறந்தேன். சவிரிமுத்துவின் பெயருக்கு நேரே கையெழுத்து இல்லை. என்னோடு வேலை பார்த்த காலத்தில் ஒரு நாளும் பிந்தாத மனிதர். “இண்டைக்கு எங்கட பண்டிதரும் பிந்திட்டார், சிவப்புக் கோடுதான்” என்று கேலி செய்தேன். பெரிய கிளாக்கர் பேனையைக் கீழே வைத்தார். “கோடு வேண்டாம் ஐசே. விடியக்காலமை மாரடைப்பில போயிட்டார்” என்றார். அந்தக் கேலியை நினைத்தால் இன்னும் உடம்பு கூசுகிறது.

இந்த அஞ்சலியை வாசிக்கும், கொட்டாஞ்சேனையில் அவரை அறிந்த உங்களுக்கு அவர் பூசைக்குத் தவறாத கத்தோலிக்கர். ஜிந்துப்பிட்டிக்காரருக்கோ, முருகன் கோயில் வாசலில் காவடி எடுப்பவர்களைக் கேள்வி கேட்டு நச்சரித்தவர். துறைமுகத் தொழிலாளர் மாதாவுக்கும் முருகனுக்கும் வைக்கும் நேர்த்திக்கடனைப் பற்றி இங்கிருந்தே எழுதி, லண்டன் சர்வகலாசாலையில் சமயக் கல்வியில் எம்.ஏ. பட்டம் பெற வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை.

அதற்கு அவர்கள் கேட்டவை கொஞ்சமல்ல. முதலில் பி.ஏ. வேண்டும், வேலை பார்த்துக்கொண்டே எழுதித் தேறினார். மறைநூல் மொழிகள் இரண்டில் சோதனை. லத்தீன் மொழி, பங்குச் சுவாமியார் தயவில் முன்பே வரும். சமஸ்கிருதம் படிக்க, வெள்ளவத்தையில் என் பக்கத்து வீட்டு ஐயரிடம் ஞாயிறுதோறும் கோட்டையில் ரயிலேறி வந்தார். “காலமை பூசை, பின்னேரம் சுலோகம். ஆர் கோவிக்கினம் எண்டு பாப்பம் ஐசே” என்பார். கடைசியாக ஆய்வேடு: டைப் அடித்த இரண்டு பிரதிகள், ஒரே பார்சலில்.

டைப் அடித்தவன் நான். சரிபார்த்ததும் கையால் எழுதிய தாளைக் கிழித்துவிடுவது எங்கள் கந்தோர் வழக்கம். இல்லாவிட்டால் எது பழையது, எது திருத்தியது என்று குழம்பிவிடும். யுத்த காலம், தாளுக்குப் பஞ்சம். மூன்றாவது பிரதி எடுப்போமா என்று கேட்டார். “ரெண்டுதானே கேட்டிருக்கினம்? தாளுக்கு எங்க போறது?” என்றேன். அவர் எழுதிய ஒவ்வொரு பக்கத்தையும் நானே கிழித்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

தபால் ஏறிய கப்பல் போய்ச் சேரவில்லை. அதைச் சொன்ன தந்தியைக் கோப்பில் சேர்க்க வேண்டியவரும் அவரே. சேர்த்துவிட்டு என் மேசைக்கு வந்தார். “நீர் என்ன செய்வீர் ஐசே, விதியில இருந்ததைத்தானே செய்தனீர்” என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மறுபடி முதல் பக்கத்திலிருந்து எழுதத் தொடங்கினார். முன்பு கதை சொன்ன தொழிலாளர் பலர் ஊர் திரும்பிவிட்டார்கள். சிலர் உயிரோடு இல்லை. மூன்றாம் அத்தியாயத்தோடு நின்றுவிட்டது.

அடக்கத்துக்கு முன் அவர் மனைவி என்னைக் கூப்பிட்டார்.

“அண்ணை, மரண அறிவித்தலில பேருக்குப் பின்னால எம்.ஏ. எண்டு போடலாமே? அவர் எல்லாம் எழுதி முடிச்சவர்தானே.”

“இல்லைத் தங்கச்சி, போடேலாது.”

அவர் தலையாட்டினார். “கையால எழுதின தாளையும் தானே துலைச்சிட்டன் எண்டு சொன்னவர் அண்ணை” என்றார். தாள்களைக் கிழித்தது நான் என்று சவிரிமுத்து வீட்டில் சொல்லவே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அந்த ஏட்டில் மிஞ்சியவை நான் பாவித்த கார்பன் தாள்கள் மட்டுமே. அவற்றை வைத்திருக்கிறேன். பஞ்சத்தில் ஒரே தாளை எத்தனையோ பக்கங்களுக்குப் பாவித்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் எழுத்தின் மேல் எழுத்து. நேற்றும் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தேன். அவருடைய ஒரு வரியைக்கூட என்னால் வாசிக்க முடியவில்லை.