பன்னிரண்டு பைகளும் ஒரு வெளிநாட்டுக் கடிதமும்

நான் சுத்தப் பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பஸ்ஸில் கண்டக்டர் மிச்சக் காசு தராவிட்டால் கேட்கப் பயம். டெலிபோன் மணி அடித்தால் எடுக்கப் பயம். அப்படிப்பட்ட நான், பசறை ரோட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீட்டின் ஒற்றைக் காம்பராவில் இருந்துகொண்டு, உலகத்துக்கே பை விற்கப் போகிறேன் என்று கிளம்பினேன்.

இரண்டாயிரத்து ஏழு அல்லது எட்டாக இருக்க வேண்டும். உயர்தரப் பரீட்சை முடித்துவிட்டு, பதுளையில் ஒரு கணினி வகுப்பில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வகுப்பு முடிந்த பிறகு ஒரு மணி நேரம் இன்டர்நெட் பார்க்க முதலாளி விட்டிருந்தார். டெலிபோன் வயர் வழியாக வரும் இன்டர்நெட் அது. ஒரு படம் மேலிருந்து கீழாகத் திறந்து முடிவதற்குள் ஒரு பிளேன்டீ குடித்து முடித்துவிடலாம்.

பைகள் அண்ணியுடையவை. அண்ணன் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தார், அண்ணி எங்களோடு இருந்தார். பண்டாரவளைச் சந்தையில் கார்மென்ட் வெட்டுத்துணி வாங்கி வந்து, துண்டு துண்டாக ஒட்டுப்போட்டுத் தோள்பை தைப்பார். ஒரு நாள் பண்டாரவளை பஸ் ஸ்டாண்டில் ஒரு வெள்ளைக்காரப் பெண் அண்ணியின் தோளில் கிடந்த பையையே காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அண்ணி மரக்கறியை முந்தானையில் கட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

"ரோட்டுல போறவளே தோள்ல கெடக்குறத கழட்டி வாங்குறா. கடை போட்டு வச்சா வாங்க மாட்டாளா?" என்று அண்ணி கேட்டார். கேட்டதோடு அவர் மறந்துவிட்டார், எனக்குத்தான் அது மண்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

வெப்சைட்டில் கடை போட 'ஷாப்பிங் கார்ட்' என்று ஒரு மென்பொருள் வேண்டும். இலவசமாகவே கிடைத்தது. இலவசம் என்பதால் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. மூன்று வாரம் அதனோடு மல்லுக்கட்டினேன். ஒரு நாள் பக்கம் முழுவதும் வெள்ளையாக வரும், மறுநாள் பைகளின் படங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக வரும். அது கேட்ட கேள்விகள் கொஞ்சநஞ்சமல்ல. பையின் நிறை என்ன, கையிருப்பு எத்தனை, எந்த நாட்டுக்கு என்ன தபால் கட்டணம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். நிறை பார்க்கத் தோட்டத்துக் கடைத் தராசில் பைகளை வைத்தேன், இறக்கியபோது எல்லாவற்றிலும் கோதுமை மா ஒட்டியிருந்தது. ஒவ்வொரு பையும் ஒவ்வொரு மாதிரி என்பதால் கையிருப்பு ஒன்று, ஒன்று, ஒன்று என்று பன்னிரண்டு முறை போட்டேன். ஒரே பையை இரண்டு பேர் ஒரே நேரத்தில் அந்தக் 'கார்ட்' வண்டியில் போட்டுவிட்டால் என்ன செய்வது என்று அதற்கும் பயந்தேன். வாங்குகிறவர் ஒருவர்கூட இல்லாத கடையில் இரண்டு பேர் அடித்துக்கொள்வார்கள் என்று பயந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பரிசோதனைக்காக, காசு கட்டாமலே, என் கடையில் நானே ஒரு நீலப் பை வாங்கினேன். "வாங்கியமைக்கு நன்றி" என்று கடை எனக்குச் சொன்னது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டுபோய் அண்ணியிடம் காட்டினேன். மூலையிலிருந்த சில்லு வைத்த கார்ட் வண்டிப் படத்தைப் பார்த்துவிட்டு, "இதென்னா, ஆஸ்பத்திரில ஆளத் தள்ளிக்கிட்டுப் போறதா?" என்று கேட்டார்.

கடைசியாக மிஞ்சியது காசு வாங்கும் வழி. ஒரு வெளிநாட்டுக் கம்பெனி, வாங்குகிறவரின் கிரெடிட் கார்டிலிருந்து காசை எடுத்து நமக்குச் செக் அனுப்பும் என்று இருந்தது. அதற்கு முன் நாம் சொன்ன முகவரியில் உண்மையாகவே இருக்கிறோமா என்று பார்க்க, தபாலில் நாலு இலக்கங்கள் அனுப்புவார்கள். கடிதம் வந்ததும் அந்த இலக்கங்களைக் கடையில் பதிய வேண்டும். அதுவரை வெளியாருக்கு 'வாங்கு' என்ற பொத்தான் செத்துக் கிடக்கும். முகவரி அடையாள அட்டையில் உள்ளதாகவே இருக்க வேண்டுமாம்.

தோட்டத்தில் எத்தனை குடும்பம் இருந்தாலும் முகவரி ஒன்றுதான். தோட்டத்தின் பெயர், பசறை, அவ்வளவுதான். தபால்காரர் எல்லோருடைய கடிதங்களையும் தோட்டத்து ஆபீசில் கொடுத்துவிட்டுப் போவார். அங்கிருந்து காலையில் பெரட்டுக் களத்துக்கு வரும், வேலைக்குப் பேர் கொடுக்க நிற்கிறவர்களிடம் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். சில கடிதங்கள் பிரிந்தே வரும். அதைத் தப்பு என்று எங்களுக்கும் தோன்றவில்லை, பிரித்தவர்களுக்கும் தோன்றவில்லை. இப்போது நினைத்தால் கோபம் கோபமாக வருகிறது. அன்றைக்கு ஒரு நினைப்பும் இல்லாமல் அந்த முகவரியைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

காலமோ யுத்தம் நடந்த மிகக் கெட்ட காலம். பதுளைக்குப் போகும் பஸ்ஸை வழியில் நிறுத்தி எல்லோரையும் இறக்கி அடையாள அட்டை பார்ப்பார்கள். கீழ்ப்பிரிவு லயத்தில் பொலிஸ் தேடுதல் நடந்தபோது ஒரு பையனைக் கொண்டுபோனார்கள். அவன் டயரியில் ஒரு வெளிநாட்டு டெலிபோன் நம்பர் இருந்ததாம், புலிகளோடு தொடர்பென்று சந்தேகமாம். அது சவூதியில் வீட்டு வேலை செய்யும் அவன் சித்தியின் நம்பர் என்று தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும், தெரிந்து என்ன பயன்? கடிதத்துக்காக நான் காத்திருந்த நாட்களில் அவன் திரும்பி வந்திருக்கவில்லை.

ஒரு நாள் சாயந்தரம், ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து வந்த அப்பா, சட்டையைக்கூடக் கழற்றாமல் அடுப்பங்கரைக்கு வந்தார். முகத்தில் இரத்தமே இல்லை.

"பெரிய கிளாக்கரய்யா ஸ்டோருக்கே வந்து என்னைய ஒதுக்குப்புறமா கூப்புட்டாரு. ஒம் பேருக்கு வெளிநாட்டுல இருந்து லெட்டர் ஒன்னு வந்திருக்காம். நாளைக்குப் பத்து மணிக்கு ஒன்னைய மட்டும் ஆபீசுக்கு வரச் சொல்றாரு. யாருக்கும் தெரியக் கூடாதாம்."

பெரிய கிளாக்கர் என்பவர் ஆபீசில் தோட்டத்து மானேஜர் துரைக்கு அடுத்தவர். யாழ்ப்பாணத்துக்காரர், அதிகம் பேசாதவர். அப்படிப்பட்டவர் அப்பாவைத் தேடி வந்து காதோடு பேசினார் என்றால் அது சாதாரண விஷயமாக இருக்க முடியாது.

"அந்த லெட்டருல என்னாம்மா இருக்கு?" என்று அப்பா கேட்டார்.

"நம்பருப்பா."

"என்னா நம்பரு?"

"ரகசிய நம்பரு."

அந்தச் சொல்லை நான் சொல்லியிருக்கக் கூடாது. அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பைக் கடை, கார்ட், கம்பெனி என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். சொல்லச் சொல்ல எனக்கே அது குற்றம் மாதிரித்தான் கேட்டது. லயத்துக் காம்பராவில் இருக்கும் தமிழ்ப் பெண்ணுக்கு வெளிநாட்டிலிருந்து ரகசிய நம்பர். இதைப் பொலிசில் எந்த மொழியில் சொல்லி விளங்கவைப்பது? என்னைக் கொண்டுபோகப் போகிறார்கள் என்று நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. மூன்று முறை கக்கூசுக்கு ஓடினேன்.

பாஸ்வேர்ட் எழுதிவைத்த கொப்பியை அப்பா வாங்கி, தாள் தாளாகக் கிழித்து அடுப்பில் போட்டார். அதில்தான் தேத்தண்ணி கொதித்தது. அண்ணி பைகளையெல்லாம் பிரித்து மறுபடியும் துணித்துண்டாக்க உட்கார்ந்தார். "பையி தச்சது குத்தமா?" என்று ஒரே ஒரு முறை கேட்டார். பிறகு அப்பா கிளாக்கர் மாதிரி நின்று என்னிடம் கேள்வி கேட்டுப் பழக்கினார். என்ன கேட்டாலும் 'எனக்கு ஒன்னும் தெரியாதுங்க' என்று சொல்ல வேண்டும். அப்பாவுக்கு அதட்டிக் கேட்கத் தெரியவில்லை. பாதியில் நிறுத்திவிட்டு அடுப்பில் விறகு தள்ளப் போய்விட்டார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் பதுளைக்குப் போனேன். முதலாளியிடம் சாவி வாங்கி வகுப்பைத் திறந்தேன். கொப்பி எரிந்தாலும் கடையின் பாஸ்வேர்ட் மட்டும் மனப்பாடமாக இருந்தது. ஒவ்வொரு பையாக அழித்தேன். ஒவ்வொன்றுக்கும் 'நிச்சயமாகவா?' என்று அது ஆங்கிலத்தில் கேட்டது. பன்னிரண்டு முறை ஆம் என்றேன். பிறகு கடையையே அழித்தேன். மூன்று வார வேலை, கால் மணி நேரத்தில் முடிந்தது. அழுகை வரவில்லை, பத்து மணிக்குள் திரும்ப வேண்டுமே என்ற பதற்றம்தான் இருந்தது.

ஆபீசுக்குப் போகும் பாதையில் அப்பா நின்றுகொண்டிருந்தார். ஒரு நாள் சம்பளம் போனாலும் போகட்டும் என்று வேலைக்குப் போகவில்லை. கல்யாணத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். உள்ளே விட மாட்டார்கள் என்பதால் வெளியில் நின்றுகொண்டார்.

பெரிய கிளாக்கர் கதவைச் சாத்திவிட்டு என்னை உட்காரச் சொன்னார். லயத்து ஆட்களை அந்த ஆபீசில் யாரும் உட்காரச் சொல்வதில்லை. அதுவே எனக்கு மேலும் கிலியாக இருந்தது. மேசை லாச்சியை இழுத்துத் திறந்து கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். உறை பிரிந்திருந்தது.

"பிள்ளை, இந்தக் கடிதம் துலைஞ்சு போயிடும் எண்டு நான்தான் ஒரு கிழமையா எடுத்து வச்சிருந்தனான். இதில பார்த்தால் நீர் கம்ப்யூட்டரில கடை நடத்துறீராம். உண்மையோ?"

"எனக்கு ஒன்னும் தெரியாதுங்க."

அவர் சிரித்தார். அதற்கு முன் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"பயப்பிடாதையும். என்ர மனுசி பருத்தித்துறை வடை சுடுவா. நல்ல மொறுமொறுப்பா, மாசக்கணக்கில கிடக்கும். லண்டனில, கனடாவில எங்கட சனம் எண்டால் சண்டை பிடிச்சு வாங்கும். உம்மட கடையில அதையும் போட ஏலுமோ? ஆபீசில ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம், என்ன? கிளாக்கர் வடை விக்கிறார் எண்டு பகிடி பண்ணுவாங்கள்."

இன்றைக்கு இருக்கிற புத்தி அன்றைக்கு இருந்திருந்தால் அந்த இடத்திலேயே அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டிருப்பேன். மூன்று வாரம் மூளையைக் கசக்கியும், யாருக்கு விற்பது என்று நான் ஒரு முறைகூட யோசிக்கவில்லை. அவர் யோசித்திருந்தார். ஆனால் அந்த நேரம் எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: இனிக்க இனிக்கப் பேசி வாயைக் கிண்டுகிறார். வடையைக் காட்டி என்னைப் பிடிக்கப் பார்க்கிறார்.

"எனக்குக் கடையெல்லாம் இல்லைங்க."

"உம்மட பேர்தானே இதில கிடக்கு?"

"யாரோ எம் பேரைப் போட்டு எழுதியிருக்காங்க. நான் இல்லைங்க. சத்தியமா நான் இல்லைங்க."

அவர் சிரிப்பு மெல்லப் போனது. கடிதத்தை ஒரு முறை பார்த்தார், என்னை ஒரு முறை பார்த்தார். அவர் பக்கமிருந்து பார்த்தால், யாரோ ஒரு தோட்டத்துப் பெண்ணின் பெயரில் வெளிநாட்டுக் கம்பெனியோடு தொடர்பு வைத்திருக்கிறார்கள். அந்தக் கடிதம் ஒரு வாரமாகத் தன் லாச்சியில் கிடக்கிறது. பிறந்த ஊர் யாழ்ப்பாணம் என்று அடையாள அட்டையில் எழுதியிருக்கிற மனிதருக்கு, இதற்கு மேல் யாரும் எதையும் விளக்கத் தேவையில்லை. அவர் கடிதத்தை உள்ளங்கையால் மூடி மறைத்துக்கொண்டார். அப்போதுதான் எனக்கு விளங்கியது, வடை உண்மையான வடை என்று.

சொல்லியிருக்கலாம். ஐயா, கடை என்னுடையதுதான், பயத்தில் பொய் சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சத்தியம் செய்த வாயைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. கடையும்தான் அப்போது இல்லையே.

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் வெளியே எட்டிப் பார்த்தார். பிறகு கடிதத்தை நாலாக, எட்டாக, இன்னும் சின்னதாகக் கிழித்தார். குப்பைக் கூடையில் போடவில்லை. எல்லாத் துண்டையும் பொறுக்கித் தன் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"நான் இப்பிடி ஒரு கடிதம் காணேல்லை. நீர் இங்க வரவும் இல்லை. பிள்ளை, தயவுசெய்து போம்."

தயவுசெய்து என்றார். பெரிய கிளாக்கர் என்னிடம் கெஞ்சினார். என் வாழ்க்கையில் என்னைக் கண்டு பயந்த முதல் ஆள் அவர்தான்.

வெளியே வந்தேன். அப்பா ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். பாதையில் நாலு எட்டு தள்ளிப் போன பிறகுதான் கேட்டார்.

"என்னா கேட்டாரு?"

"அவங்க சம்சாரம் சுடுற வடைய நம்ம கடையில விக்கலாமான்னு கேட்டாருப்பா."

"நீ என்னா சொன்ன?"

"ஒன்னும் தெரியாதுன்னு சொல்லிட்டேன். சத்தியமும் பண்ணிட்டேன்."

அப்பா என்னை நிறுத்தி முகத்தைப் பார்த்தார். நேற்றிலிருந்து முதல் முறையாக அவருக்கு மூச்சு சீராக வந்தது. என் தலையைத் தடவிக்கொடுத்து, "கெட்டிக்காரி, அப்புடித்தான் சொல்லணும்" என்றார்.