பச்சை மரத்தில் பசை பிடிக்காது

மரத்தை அறுக்க ஒரு நாள் போதும். அது காயும் வரைக்கும் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்வதுதான் எங்கள் தொழில். மழையிலும் வெயிலிலும் கிடக்கிற பெஞ்சு, ஊஞ்சல், தோட்டத்துக் கதவு எல்லாம் மருந்தேற்றிய மரத்தில் செய்து கொடுக்கிறேன். பட்டறை ராசிபுரம் சாலையில். பசைக் கையோடு போனை எடுத்துப் பழகியவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

நிறமா, ஈரமா?

நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் பழனிசாமி அண்ணன் ஓர் ஊஞ்சல் கேட்டு வந்தார். முதல் பிரசவத்துக்கு மகள் வருகிறாள், சாயங்காலக் காற்றில் அவள் உட்கார வேண்டும், வருவதற்குள் வேப்பமரத்தடியில் மாட்டிவிட வேண்டும். கட்டைகளை ஒட்டித்தான் ஊஞ்சலின் அகலத்துக்குப் பலகை எடுக்க முடியும்.

மரத்தின் பச்சை நிறத்தை விரலால் தேய்த்துப் பார்த்தார். கரையான் அண்டாமலிருக்க அழுத்தி ஏற்றிய மருந்தின் நிறம் அது என்றேன். மருந்தோடு தண்ணீரும் உள்ளே போயிருக்கிறது, ஈரம் காயாத பச்சை மரத்தில் பசை பிடிக்காது என்றும் சொன்னேன். அண்ணன் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"ஏனுங்க அம்மணி, பச்சை மரம்னு நீங்களே சொல்றீங்க. அப்பறம் ஏனுங்க அதைய வாங்கி வெச்சிருக்கறீங்க?"

குஞ்சுக் கொட்டகை வைத்தியம்

கட்டைகளுக்கு நடுவே குச்சி கொடுத்து, காற்றுப் புகும்படி நிழலில் அடுக்கினேன். இவ்வளவு வெயில் அடிக்கிற ஊரில் நிழலில் காயப்போடுவது அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. ஒரு கட்டையைப் பிடிவாதமாக வாங்கிப் போய், காலியாக இருந்த கொட்டகையில் குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்கும் பல்புக்கு அடியில் வைத்துவிட்டார். முறுக்கிக்கொண்டு, நுனி வெடித்துத் திரும்பி வந்தது.

"இதே சூட்டுல எங்க குஞ்செல்லாம் நல்லா வளருதுங்க. உங்க மரத்துக்குத்தான் ஒடம்பு சரியில்ல."

சீவல்

காய்ந்துவிட்டது என்று நம்பி, ஒட்டும் பக்கத்தை இழைத்தேன். மேலே படிந்த மருந்து போனால்தான் பசை இறங்கும். சீவலைக் கண்டதும் அண்ணன் சாக்கைப் பிரித்தார், குஞ்சுகளுக்கு அடியில் பரப்பலாமாம். மருந்துச் சீவல், கோழி கொத்தக் கூடாது, அடுப்பிலும் போடக் கூடாது என்று சாக்கைப் பிடுங்கிக்கொண்டேன்.

"மரமும் தரமாட்டீங்க, சீவலும் தரமாட்டீங்க. சும்மா பாத்துட்டுப் போறதுக்கா அங்கிருந்து வாரேன்?"

தட்டிப் பார்த்தல்

தண்ணீர் தாங்கும் பசையில் முதலில் இரண்டு துண்டுகளை ஒட்டி, மறுநாள் உளி வைத்துத் தட்டினேன். ஒட்டு சரியாக இருந்தால் மரம்தான் பிளக்க வேண்டும். ஆனால் ஒட்டிய இடத்திலேயே பிரிந்து வந்தது. உள்ளே இன்னும் ஈரம். நிறைமாதப் பெண் உட்காரப் போகும் பலகை. இன்னும் ஆகவில்லை என்று அண்ணனிடம் சொல்லப் பயமாகவே இருந்தது, சொல்லிவிட்டேன். மகள் வந்தாள், வேப்பமரத்தில் சங்கிலி மட்டும் தொங்கியது. அண்ணன் என் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார்.

மறுபடி காயவிட்டு, மறுபடி துண்டை ஒட்டித் தட்டினேன். மரம் பிளந்தது, ஒட்டு அசையவில்லை. அதன்பிறகுதான் பலகையை ஒட்டி முடித்துக் கொண்டுபோய் மாட்டினேன். அண்ணன் தானே முதலில் ஏறி உட்கார்ந்து, நன்றாக எம்பி எம்பிப் பார்த்தார். அப்புறம்தான் மகளைக் கூப்பிட்டார். அவள் மடியில் குழந்தையோடு உட்கார்ந்தாள். அவர் சங்கிலியைப் பிடித்த பிடியை விடவில்லை. பலகையில் சின்னச் சத்தம்கூட இல்லை என்று தெரிந்த பிறகே எனக்கு மூச்சு வந்தது. மகள் அப்பாவை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

"பச்சை மரம் காயறதுக்குள்ள பச்சப்புள்ளையே வந்துருச்சுங்கப்பா. இன்னும் ஏனுங்க சங்கிலிய உடாம நிக்கறீங்க?"

அந்தப் பிள்ளை தவழ ஆரம்பித்ததும் வாசலுக்கு ஒரு தடுப்புக் கேட்டு அண்ணன் எப்படியும் வருவார் என்பதால், அதற்கான மரத்தை இன்றைக்கே நிழலில் காயப்போட்டுவிட்டேன்.