மஸ்கட் சுவருக்கு ஏற்றது

களக்காட்டை விட்டு நடந்துகொண்டிருந்தேன். பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்காக அங்கேயே நிற்கக் கால் ஒத்துக்கொள்ளவில்லை. செத்துப்போன என் கூட்டாளியின் வீடு வாழைகளுக்குள் மறைந்த பிறகும் அங்கிருந்து என்னை யாரோ கூப்பிடுவதுபோலவே இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. அந்த வீட்டில் இனி என்னைக் கூப்பிட ஆண்குரல் கிடையாது.

அவனும் நானும் சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு அரிசி ஆலையில் மூட்டை சுமந்தவர்கள். ஆலை நின்றதும் அவன் மஸ்கட்டுக்குப் போனான். நான் வழக்கம்போல லாரி, ஓட்டல் என்று அலைந்தேன். ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவனுக்கு எந்த வேலையும் ஒன்றுதான். வருஷம் திரும்புவதற்குள் அவன் திருவனந்தபுரத்துக்கு வந்து இறங்கினான், பெட்டிக்குள்.

திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "கம்பெனி பதிலுக்கு ஆள் கேக்குதுலே. அதே வேலை, அதே ரூம். கட்டில்கூடக் காலியாத்தான் கெடக்கு." என் பாஸ்போர்ட் முன்பே அவரிடம் இருந்தது. அவர் கொடுத்த ஒரு வாரத் தவணை அன்று சாயங்காலத்தோடு முடிந்தது; அதற்குள் சரி, இல்லை என்று சொல்ல வேண்டும். அவன் மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அந்தக் கட்டிலில் படுக்க எனக்கு மனசு வரவில்லை. அதற்குத்தான் களக்காடு போனேன்.

அறையில் கூட இருந்தவர்கள் எழுதியதை எல்லாம் அவள் சொன்னாள், அழாமல். இங்கிருந்து கொண்டுபோன கரண்டு காயில் அடுப்பில் அவன் கஞ்சி வைத்துக் குடித்திருக்கிறான். நம் பிளக்கில் உருண்டைக் கம்பி. அங்கே சுவரில் மூன்றும் சதுர ஓட்டை, உள்ளே மூடி வேறு. அவன் பிளக்கை அறுத்துப் போட்டுவிட்டான். மேல் ஓட்டையில் ஸ்பூன் காம்பை விட்டு மூடியைத் திறந்து, கீழ் ஓட்டைகளில் வெறும் ஒயரைச் செருகி, அசையாமல் இருக்க ஓட்டைக்கொரு தீக்குச்சி வைத்திருக்கிறான். ஒயருக்குத் தீக்குச்சி வைப்பது நம்மூரில் எல்லா வீட்டிலும் செய்வதுதான். ஒரு நாள் குச்சி நழுவி, ஒயர் இரும்புக் கட்டிலில் விழுந்திருக்கிறது. அவன் குளித்த ஈரத்தோடு வந்து அந்தக் கட்டிலைப் பிடித்தான்.

"போகாதீகன்னு நான் சொல்லமாட்டேன் அண்ணே," என்றாள். "உங்க வயித்துக்கு நானா சோறு போடுதேன்? ஆனா போனா, அந்த ஊரு ஓட்டைக்கு ஏத்தத இங்கனயே வாங்கிட்டுப் போங்க. அவுக செஞ்ச மாதிரி செஞ்சிராதீங்க."

அவன் அறுத்துப்போட்ட பிளக் அவன் சாமான்களோடு திரும்பி வந்திருந்தது. எதற்கு அனுப்பினார்களோ. மாதிரிக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று அதை என் கையில் கொடுத்தாள். வெள்ளை பிளக், விரல்நீள ஒயர் ஒட்டிக்கொண்டிருந்தது. வாழைத்தார் ஏற்றிய லாரியின் மேலே உட்கார்ந்து திருநெல்வேலி வரும்வரை அது என் சட்டைப்பையில் நெஞ்சை இடித்துக்கொண்டே வந்தது.

ஜங்ஷனில் ஒரு எலெக்ட்ரிக் கடையில் அதைக் காட்டினேன். கடை அண்ணாச்சி கேட்டார், "இதுக்கு என்னவே? நல்லாத்தான இருக்கு."

"இத மஸ்கட் சுவத்துல மாட்டணும் அண்ணாச்சி."

"மஸ்கட்டுக்கு நான் ஒயர் இழுக்கலையே!" கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பிறகு அவரே மேலப்பாளையத்துக்குப் போகச் சொன்னார்.

மேலப்பாளையம் பஜாரில் ஒரு வெளிநாட்டுச் சாமான் கடை. சென்ட் பாட்டில், தைலம், டார்ச் லைட்டுகளுக்கு நடுவே ஒரு கூடை நிறைய பிளக். மஸ்கட்டுக்கு என்று சொல்லிவிட்டு நான் கையை விட்டு அழகாக இருந்த ஒன்றை எடுத்தேன்.

"அது சப்பைக் கம்பி, மஸ்கட்டுல எடுக்காது," என்றார் பாய். "எல்லாரும் இப்படித்தான் கலரைப் பாத்து எடுக்கான். நீரு எந்த ஊருக்குப் போறீருன்னு கையிக்குத் தெரியுமாவே?"

தடித்த கறுப்புக் கட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ஒரு பக்கம் மூன்று சதுரக் கம்பி, மறுபக்கம் நம்மூர் உருண்டை ஓட்டை. "இழுத்துப் பாரும். லொடலொடன்னு இருந்தா வேற எடுத்துக்கிடலாம். சூடானா உருகுற சாமானெல்லாம் நான் விக்கிறதில்ல."

அவன் பிளக்கை அதில் செருகினேன். 'டக்' என்று உட்கார்ந்தது. இழுத்தேன், வரவில்லை. பாய் வேறு ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். நான் செருகினேன், பலங்கொண்டு பிடுங்கினேன், மறுபடி செருகினேன். ஒவ்வொரு தடவையும் அதே சத்தம். இந்தச் சத்தம் ஒரு தடவை அந்த அறையில் கேட்டிருந்தால் போதும்.

"வாங்குறீரா, வெளையாடுறீரா?" என்றார் பாய்.

வாங்கினேன்.

வெளியே வந்து டீ குடிக்க நின்றேன். கடை ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அதன் ஒயர் சுவரில் இரண்டு தீக்குச்சிகளோடு செருகியிருந்தது. எத்தனை வருஷம் இதைப் பார்த்துக்கொண்டே டீ குடித்திருக்கிறேன். அன்றைக்கு டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டேன். பக்கத்துத் தையல்கடையிலும் தீக்குச்சி. தலையைக் குனிந்துகொண்டு வண்ணாரப்பேட்டை வரை நடந்தே போனேன்.

ஏஜென்ட் அறையில் மேஜை ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. பெஞ்சில் மாஞ்சோலையிலிருந்து வந்த ஒருவர், நாற்பது வயதிருக்கும், ஒயர்க்கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தேயிலை பறித்துக் கறுத்த விரல்கள்.

"என்னலே, பெட்டி கட்டியாச்சா?" என்றார் ஏஜென்ட். அதற்குள் ஃபேன் திணறி நின்றது. அவர் என்னைப் பார்த்தபடியே கையைப் பின்னால் நீட்டி, சுவரில் செருகியிருந்த குச்சியைக் கட்டைவிரலால் அமுக்கினார். ஃபேன் சுழன்றது. அவன் இருந்திருந்தால் அப்படித்தான் செய்திருப்பான், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

"நான் போகலை அண்ணாச்சி. பாஸ்போர்ட்டைக் குடுங்க."

"பயந்தாங்கொள்ளிப் பயலே! ஒனக்காக ஒரு வாரமா நிறுத்தி வச்சிருக்கேன்." டிராயரை இழுத்து என் பாஸ்போர்ட்டை மேஜையில் விட்டெறிந்தார். அதே கையால் பெஞ்சைக் காட்டினார். "இவரு போறாரு. மலையிலேர்ந்து எறங்கி வந்திருக்காரு, தைரியத்தப் பாரு."

அந்த ஆள் எழுந்து நின்றார். நான் கறுப்புக் கட்டையை அவரிடம் நீட்டி, எப்படி மாட்டுவது என்று செருகிக் காட்டினேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதுக்குப் போயி இம்புட்டுப் பெரிய சாமானா? ரெண்டு தீக்குச்சி போதுமே தம்பி!"

"அப்படி வச்ச ஆளு செத்துட்டான் அண்ணாச்சி. அவன் எடத்துக்கு, அவன் கட்டிலுக்குத்தான் நீங்க போறீக."

"ஏலே, போறவரக் கலக்காத!" என்று ஏஜென்ட் கத்தினார்.

அந்த ஆள் கட்டையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார், "வேற கட்டில் கேட்டா குடுப்பாகளா?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். அதைக் கூடையின் அடியில், துணிகளுக்குள் வைத்து மூடினார். அவர் போனாரா, அது அங்கே 'டக்' என்று உட்கார்ந்ததா, வேறு கட்டில் கிடைத்ததா, எதுவும் எனக்குத் தெரியாது. இன்றும் எந்த வீட்டிலாவது ஒயரும் தீக்குச்சியுமாகப் பார்த்தால் எனக்கு அவன் முகம் வருவதில்லை. அந்தக் கறுத்த விரல்கள்தான் வருகின்றன.

மறுநாள் காலை முறப்பநாட்டுக்குக் கிழக்கே, ஆற்றோரம் ஒரு செங்கல் சூளையில் மண் மிதிக்கச் சேர்ந்தேன். மேஸ்திரி ஒன்றுதான் கேட்டார்.

"இங்கன கரண்டு கெடையாது. இருட்டுல கெடப்பியாலே?"

கிடப்பேன் என்றேன்.