ஒரு நாளைக்கு ஒரு வளைவு

எங்கள் ஏலக்காய் வியாபாரிகள் சங்கத்தில் இந்த வருடம் ஆண்டு மலர் போடுகிறார்கள். ஆளுக்கு ஒரு தாள் கொடுத்து, பிடித்த இசை, பிடித்த விளையாட்டு, பிடித்த புத்தகம் என்று மூன்று கோடு போட்டு நிரப்பித் தரச் சொன்னார்கள். மற்றவர்கள் படித்த பிள்ளைகளிடம் சொல்லிப் பெரிய பெரிய பெயராக எழுதி வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன், இன்றைக்குப் போடியில் சரக்கு அடுக்குகிற மூன்று கிட்டங்கிக்குச் சொந்தக்காரன். என் தாளை நானே எழுதுவேன்.

இசைக்கு அதிகம் யோசிக்கவில்லை. மலையேறுகிற ஜீப்பில் டிரைவர் எந்தப் பாட்டைப் போட்டாலும் எனக்குப் பிடிக்கும். வளைவில் ஹாரன் அடிக்கும்போது பாட்டு அமுங்கி, திரும்பியதும் மறுபடி எழும்புமே, அந்த இடம் ரொம்பப் பிடிக்கும். விளையாட்டு, கைபேசியில் ஒரே நிற மிட்டாய்களைச் சேர்த்து உடைக்கிற வீடியோ கேம். இன்ஜினியரிங் படிக்கிற என் பேரன் எண்பதாவது கட்டத்தில் முக்கிக்கொண்டிருக்கிறான். நான் ஆயிரத்தைத் தாண்டிப் பல மாதம் ஆகிறது. ஐம்பது வருடம் ஏலக்காயை நிறம் பார்த்து, பருமன் பார்த்துப் பிரித்தவனிடம் மிட்டாயைக் காட்டினால் வேறென்ன ஆகும்?

மூன்றாவது கோட்டில்தான் பேனா நின்றுவிட்டது. நான் நாலு பேர் முன்னால் வாசித்துக் காட்டிய புத்தகம் வாழ்க்கையில் ஒன்றே ஒன்று. அது ஒரு கோட்டில் அடங்காது. அதனால்தான் இந்தத் தனித் தாள்கள்.

அப்போது எனக்குப் பதினோரு வயது. பள்ளிக்கூடம் நின்றதும் அப்பா என்னை மலைக்கு அனுப்புவதென்று முடிவு செய்தார். ஏலத்தோட்டத்தில் சின்னப் பிள்ளைகளுக்கும் சோலி இருந்த காலம். சோலிக்கு நான் பயந்தவனில்லை. பயமெல்லாம் அட்டைக்குத்தான். மழைக்காலத்தில் ஏலச்செடிக்கு அடியில் கால் வைத்தால் நூல் மாதிரி ஏறும், விரல் மாதிரி பருத்த பிறகுதான் இறங்கும். அதற்கு முன் ஒரே ஒருமுறை அப்பாவோடு லோடு ஜீப்பில் போடிமெட்டு வரைக்கும் போயிருந்தேன். பதினேழு வளைவிலும் வாந்தி எடுத்தேன். மேலே கேரள எல்லைச் செக்போஸ்டுக்குப் பக்கத்தில் இறங்கி நின்ற இடத்தில் கெண்டைக்காலில் ஒரு அட்டை ஏறியது. நான் போட்ட சத்தத்தில் செக்போஸ்டுக்காரர் கையில் காப்பித் தம்ளரோடு வெளியே ஓடிவந்தார்.

என்னைக் காப்பாற்றியவர் என் தாய்மாமா. ஊரில் பெரிய முதலாளி ஒருவரின் கிட்டங்கியில் அவர் கணக்குப்பிள்ளை. அங்கே முப்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சொளகு என்கிற முறத்தில் காய் பொறுக்குவார்கள். பச்சைக்காய் தனி, வெளுத்தது தனி, வெடித்தது தனி. அத்தையும், அதாவது மாமாவின் மனைவியும், அதில் ஒருத்தி. வாய் திறந்தால் கை நின்றுவிடுகிறது என்பது முதலாளியின் தீராத கவலை. ரேடியோ வைத்துப் பார்த்தார். பாட்டு வரும்போது கை ஓடியது. செய்தி வந்ததும் பேச்சு தொடங்கியது. கதை வாசித்துக் காட்டினால் வாய் அடங்கும் என்று மாமா யோசனை சொன்னார்.

“யாருய்யா வாசிக்கிறது?” என்று முதலாளி கேட்டிருக்கிறார்.

“எங்க அக்கா மகன் இருக்கான். புத்தகத்தக் கையில குடுத்தா தண்ணியாக் குடிப்பான்.”

மாமா என்னை ஒரு வரிகூட வாசிக்கச் சொல்லிக் கேட்டதில்லை. உண்மை நிலவரம் என்னவென்றால், நான் எழுத்துக்கூட்டி வாசிப்பேன். ஒரு வரி முடிவதற்குள் அதன் ஆரம்பம் மறந்துவிடும். பக்கத்துப் பையன் வாசிப்பதைக் காதில் வாங்கி ஒப்பித்தே ஐந்து வகுப்பைத் தாண்டியவன் நான். ஆனால் இதைச் சொன்னால் மாமாவின் பேச்சு போய்விடும், அடுத்த நாள் நான் மலையில் இருப்பேன். சொல்லவில்லை.

பழைய பேப்பர் கடையிலிருந்து மாமா ஒரு புத்தகம் கொண்டுவந்தார். மேல்தாளும் முன்பக்கங்கள் சிலவும் கிழிந்துபோயிருந்தன.

“துப்பறியும் கதை மாப்ளே. படு பயங்கரம்.”

“நீங்க வாசிச்சிட்டீகளா மாமா?”

“ஒரே மூச்சுல.”

முதல் நாள் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு என்னை உட்கார வைத்தார்கள். அத்தை பக்கத்துப் பெண்ணின் இடுப்பில் இடித்து, “எங்க மருமகன்,” என்றாள். நான் முதல் வார்த்தையைப் பிடித்துக் கூட்ட ஆரம்பித்தேன். அது நீளமான வார்த்தை. பாதியில் யாரோ கொட்டாவி விட்டார்கள்.

“ஏப்பு, இந்த வேகத்துல வாசிச்சா எம் மக வயசுக்கு வந்து கல்யாணமும் முடிஞ்சிரும்,” என்றாள் ஒருத்தி. முப்பது சொளகும் சிரித்தன.

என் கண் எழுத்தை விட்டு எழும்பிவிட்டது. வாய் தானாகப் பேசத் தொடங்கியது. ஒரு ஊரில் ஒரு பெரிய வீடு, அந்த வீட்டு மருமகள் ஒருநாள் நகைப்பெட்டியையும் ஜீப்பையும் எடுத்துக்கொண்டு ஓடிப்போனாள், அவளைப் பிடிக்கத் தொப்பி போட்ட துப்பறிகிறவன் ஒருவன் கிளம்பினான். அதற்குப் பிறகு நான் எழுத்தைப் பார்க்கவே இல்லை. பார்த்தால் நாக்கு திக்கியது. விரலை மட்டும் வரிமேல் ஓட்டிக்கொண்டு, நேரம் பார்த்துப் பக்கத்தைத் திருப்பினேன்.

பெரிய வீடு என்றால் நான் பார்த்தது ஒன்றுதான், கிட்டங்கிக்குப் பின்னால் ஒட்டியிருந்த முதலாளியின் வீடு. அதனால் கதையில் வந்த வீட்டுக்கும் அதே இரும்புக் கதவைப் போட்டேன். கிட்டங்கிச் சுவரில் அந்த வீட்டின் பச்சைச் சன்னல் ஒன்று எப்போதும் பாதி சாத்தியபடி இருக்கும். அதையும் எடுத்துக் கதைக்குள் வைத்தேன். மருமகள் அந்தச் சன்னலுக்குப் பின்னால்தான் அடைபட்டுக் கிடந்தாள் என்றேன். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு முந்தானையால் வாயைப் பொத்தினார்கள். என் வாசிப்பு அவ்வளவு பிரமாதமாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

எழுத்து வராவிட்டாலும் எனக்கு ஆள் கணக்கு வரும். கதை இறங்கினால் சொளகுச் சத்தம் இறங்கும், உடனே ஒரு பாம்பையோ யானையையோ குறுக்கே விடுவேன். முதலில் தொப்பிக்காரனைத்தான் கதாநாயகனாக வைத்திருந்தேன். மூன்றாம் நாள் அத்தை, “அந்தத் தொப்பிக்காரன் நாசமாப் போக, பிள்ளைய விட்டுத் தொலைய மாட்டேங்கிறானே,” என்றாள். அன்றே அவனை வில்லனாக்கினேன். அவள் போடிமெட்டு ஏறிச் செக்போஸ்டைத் தாண்டிவிட்டால் தப்பினாள். அதற்குள் அவன் பிடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு வளைவு. ஒவ்வொரு வளைவும் எனக்கு அத்துப்படி, ஒவ்வொன்றிலும் நின்று வாந்தி எடுத்தவன் அல்லவா?

புத்தகத்தில் ஒரே ஒரு படம் இருந்தது. நாலு கால் வைத்த மரப்பெட்டி, உள்ளே ஏதோ எரிகிறது. அதை உயர்த்திக் காட்டி, “இதான் அந்த நகைப்பெட்டி. உள்ள எரியிறது வைரம்,” என்றேன். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். “அம்புட்டுப் பெரிய வைரமா,” என்றாள் அத்தை.

பொறுக்கிய காய் கூடியதில் முதலாளிக்குச் சந்தோஷம். மாமா தெருவில் என் தோளில் கை போட்டு நடந்தார். பதினான்காவது வளைவு நடந்துகொண்டிருந்த நாளில் வீட்டுப் பக்கத்து உள்கதவு திறந்து முதலாளியம்மா வந்தார்.

அந்த அம்மா வெளியே வந்து நான் பார்த்ததில்லை. திருவிழாவுக்குக் கோயிலுக்குப் போவார், அதுவும் திரை போட்ட காரில். முப்பது சொளகும் நின்றன. அவர் நேராக என்னிடம் வந்து கையை நீட்டினார்.

“புத்தகத்தக் குடு அப்பு. வாசிச்சிட்டுத் தர்றேன்.”

கொடுத்தேன். என்ன செய்ய? அதற்கப்புறம் இரண்டு நாள் கவிழ்த்த பெட்டிமேல் சும்மா உட்கார்ந்திருந்தேன். வாய் நிறையக் கதை இருந்தது. புத்தகம் இல்லாமல் எப்படி வாசிப்பது? பெண்கள் நாத்தனார், கொழுந்தன் என்று பேச்சில் இறங்கிவிட்டார்கள். மாமா, “பேச்சக் குறைங்க ஆத்தா, கையப் பாருங்க,” என்று கத்திக்கொண்டே இருந்தார். நான் அத்தை வீட்டு அடுப்படியிலிருந்து ஒரு பொட்டலம் உப்பு எடுத்து டவுசர் பையில் வைத்துக்கொண்டேன். அட்டைக்கு உப்பு என்று கேள்விப்பட்டிருந்தேன். எப்படியும் மலைதான் என்று தெரிந்துவிட்டது.

மூன்றாம் நாள் அந்த அம்மா திரும்பி வந்தார். புத்தகத்தை என் மடியில் வைத்துவிட்டுக் கொஞ்சம் நின்றார்.

“முழுசும் தேடிட்டேன் அப்பு. அந்தப் பிள்ள எந்த வளைவுல நிக்கிறாளுன்னு எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியல. நீயே வாசி.”

நான் தலையை ஆட்டினேன்.

“மேல ஏறிருவாளா?”

“அது கடைசிப் பக்கத்துலதான் இருக்கு.”

“அப்ப கடைசிப் பக்கத்த நல்லா வாசி,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் பச்சைச் சன்னலின் இரண்டு கதவும் முழுசாகத் திறந்தன.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இவ்வளவு பெரிய வீட்டு அம்மாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியவில்லை, என்னைவிட மோசம் என்று நினைத்தபோது நெஞ்சு நிமிர்ந்துகொண்டது. ஆனாலும் ஒருமுறை தப்பியது போதும், கதையைச் சட்டென்று முடித்துவிட வேண்டும் என்று தீர்மானித்தேன். பதினாலு, பதினஞ்சு, பதினாறு, மூன்று வளைவையும் ஒரே ஓட்டமாக ஓட்டினேன். பதினேழில் தொப்பிக்காரனின் கார் பஞ்சர். எதிரே செக்போஸ்டு. குறுக்குக்கட்டை தூக்கியிருக்கிறது. அவள் தாண்ட வேண்டியதுதான்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம் நான் போனதே இல்லை. என்ன கடை இருக்கும், என்ன மரம் இருக்கும், ஒன்றும் தெரியாது. தெரியாத இடத்துக்குள் ஒருத்தியை எப்படி ஓட்டிக்கொண்டு போவது? எனக்குத் தெரிந்தது அட்டை ஒன்றுதான். அதனால் அவளை ஜீப்பைவிட்டு இறக்கினேன். கெண்டைக்காலில் ஒரு அட்டையை ஏற்றினேன். அவள் போட்ட சத்தத்தில் செக்போஸ்டுக்காரர் காப்பித் தம்ளரோடு ஓடிவந்தார். பயந்துபோனவள் ஜீப்பைத் திருப்பி, பதினேழு வளைவையும் ஒரே நிமிடத்தில் இறங்கி, வீட்டுக்கு வந்து, பெட்டியைக் கொடுத்துவிட்டு, எல்லார் காலிலும் விழுந்து, பழையபடி சன்னலுக்குப் பின்னால் போய்ச் சுகமாக இருந்தாள். முற்றும்.

முப்பது சொளகும் கீழே இறங்கின.

“அட்டைக்குப் பயந்தா திரும்புனா?” என்றாள் அத்தை.

“ஒரு சிட்டிகை உப்புப் போட்டா உதிர்ந்து விழுந்துரும். இதுக்கா?” என்றாள் இன்னொருத்தி.

“பொகையிலச் சாறத் துப்பியிருக்கலாம்.”

“ஜீப்பு ஓட்டத் தெரிஞ்சவளுக்கு அட்டையப் புடுங்கத் தெரியாதாக்கும். எந்தக் கூறுகெட்டவன்டி இதை எழுதுனது?”

என் பையில் உப்புப் பொட்டலம் இருந்தது. புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது என்று சாதித்தேன். அதற்கு மேல் யாரும் என்னை வாசிக்கச் சொல்லவில்லை. மாமா என்னைச் சாக்குத் தைக்கப் போட்டார். மலைக்குப் போகவில்லை. சாக்கிலிருந்து தராசு, தராசிலிருந்து ஏலம் எடுக்கிற இடம் என்று நான் ஏறின கதை ஊருக்கே தெரியும், அதை நானே சொல்லக் கூடாது.

முப்பது வருடம் கழித்து அந்தக் கிட்டங்கியை வீட்டோடு சேர்த்து வாங்கினேன். முதலாளி காலமாகி, அந்த அம்மாவைப் பிள்ளைகள் மதுரைக்குக் கூட்டிப்போயிருந்தார்கள். மாமாவின் பழைய மேசை இழுப்பறையில் புத்தகம் அப்படியே கிடந்தது. பில்லும் நோட்டீசும் வாசித்து வாசித்து அதற்குள் எனக்கு எழுத்து ஓடத் தொடங்கியிருந்தது. நின்ற இடத்திலேயே வாசித்தேன். கோழி வளர்ப்பு. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை கோழி. குஞ்சு பொரித்த வாரத்தில் மரப்பெட்டிக்குள் பல்பு எரியவிட வேண்டும் என்று என் வைரத்துக்குக் கீழே போட்டிருந்தது.

மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். தூர வைத்துப் பார்த்தார், கிட்ட வைத்துப் பார்த்தார். “நான் வாசிச்சப்ப துப்பறியும் கதையாத்தான் இருந்துச்சு மாப்ளே,” என்றார். வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு ஒரு வாரம் நின்றது. வெள்ளையடிக்க ஆள்விட்டபோது, பச்சைச் சன்னல் இருந்த அறையில் இரண்டு அலமாரி நிறையப் புத்தகம். கதை, பாட்டு, இங்கிலீஷ்கூட. ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் அந்த அம்மாவின் பெயர், குண்டு குண்டான எழுத்தில். இரண்டு நாள் கோழிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அவர் எதைத் தேடினார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மூன்றாவது கோட்டில் கோழி வளர்ப்பு என்றே எழுதிக் கொடுத்துவிட்டேன். சங்கத்தில் சிரிக்கட்டும். அதற்குப் பிறகு என் லோடு எத்தனையோ முறை அந்தச் செக்போஸ்டைத் தாண்டியிருக்கிறது. அந்தப் பக்கமும் இதே மரம், இதே டீக்கடைதான். அன்றைக்கு அந்த ஜீப்பை இன்னும் பத்தடி ஓட்ட எனக்கு என்ன செலவு?

ஆனால் அன்று நான் முற்றும் என்று சொன்னதும், பெண்கள் ஏசிக்கொண்டிருந்தபோதே, பச்சைச் சன்னலின் ஒரு கதவு உள்ளேயிருந்து மெல்லச் சாத்திக்கொண்டது. மற்றது பாதியில் நின்றுவிட்டது. காய்த் தூசி உள்ளே போகிறது போல, பாவம் என்று நினைத்தேன். எழுந்து போய், நல்ல பிள்ளையாக, அந்தக் கதவை இந்தப் பக்கமிருந்து நானே இறுகத் தள்ளிச் சாத்திவிட்டு வந்தேன்.