சந்தனம் வைத்த டிஸ்க்

என் மனைவியின் கடைசி மாதங்களின் குரல் ஒரே ஒரு ஹார்டு டிஸ்க்கில் இருந்தது. இரண்டில் இருந்திருக்க வேண்டும். என் கணினிக்குள் இரண்டு டிஸ்க். ஒன்றில் எழுதுவது மற்றதிலும் பதியும். பொங்கல் கழிந்து, சம்பா அறுவடையின்போது கரண்ட் போய்ப் போய் வந்ததில் ஒன்று விலகிக்கொண்டது. அதே வாரம்தான் அவளைத் தஞ்சாவூருக்கு ஸ்கேன் எடுக்க அழைத்துப்போனேன். டிஸ்க்கை யார் பார்த்தது? மற்றது ஒற்றையாகவே ஓடியது. படுத்தபடி அவள் செல்போனில் பேசப் பேச, அதில்தான் ஏற்றினேன். போனில் இடம் போதாமல் அங்கே அழித்தும் வந்தேன்.

குறுவை நடவு முடிவதற்குள் போய்விட்டாள்.

அவள் தம்பிக்குச் சிங்கப்பூரில் கணினி வேலை. கடைசி நேரத்துக்கு வந்துசேர முடியவில்லை. ஆயுத பூஜைக்கு வந்தான், அக்கா குரலைக் கேட்பதற்காகவே. ஒற்றை டிஸ்க்கை நம்பி எதையும் திறக்க வேண்டாம், முதலில் இரண்டையும் சேர்த்துவிடலாம் என்றான். திறந்து பார்த்தால், விலகியது கெடவில்லை; வயர்தான் தளர்ந்திருந்தது. பழையது எதுவென்று மாறிவிடாமலிருக்க அதன் மேல் மார்க்கரால் ஒரு பெருக்கல் குறி போட்டான்.

மறுநாள் பூஜை. “அழுக்கோட வைக்கக் கூடாது அத்தான்” என்று இரண்டையும் கழற்றி, ஈரத்துணியால் அழுந்தத் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்தான். அரிவாள், மண்வெட்டி, டிராக்டர் சாவி, பக்கத்தில் டிஸ்க்குகள். பெருக்கல் குறி துணியோடு போனதை இருவருமே கவனிக்கவில்லை.

விஜயதசமி காலையில் ஒன்றை மாட்டினான், கணினி உயிர்பெற்றது. மற்றதைக் காலி டிஸ்க்காகச் சேர்த்தான். முதலாவது இரண்டாவதன் மேல் எழுதத் தொடங்கியது. “இனிமே எது போனாலும் அக்கா பத்திரம்” என்றான். எவ்வளவு நாள் கழித்துச் சிரித்தோம் அன்று.

மாலையில் திறந்தோம். பொங்கலுக்குப் பிறகு ஒன்றுமே இல்லை. விலகிக் கிடந்த பழையதுதான் மூலமாகியிருந்தது, அவள் குரல் இருந்ததை முழுக்க மூடிவிட்டிருந்தது. இரண்டு டிஸ்க்கிலும் இப்போது அவளுக்கு நோயே வரவில்லை. பொங்கலன்று எடுத்த படத்தில் கரும்பைக் கடித்துக்கொண்டிருக்கிறாள், கன்னம் உப்பி.

அவன் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தான். பிறகு கையை எடுத்துவிட்டான். “என்னப் பத்தி ஏதாச்சும் சொல்லுச்சா அத்தான்?”

சொல்லியிருந்தாள். அவன் வந்தால் விரால் குழம்பு வைக்கச் சொன்னாள். வராவிட்டால் திட்டக் கூடாது என்றாள். எனக்கு எல்லாம் மனப்பாடம். அவள் நிறுத்திய இடங்களில் நிறுத்தி, இழுத்த இடங்களில் இழுத்துச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

முடித்ததும் கண்ணைத் திறந்தான்.

“நீங்க பேசுற மாதிரிதான் இருக்கு அத்தான்” என்றான்.