பாதிப் பாலத்தில் பூசணிக்காய்

டெக்சாஸின் தலைநகரிலிருந்து மெக்சிகோ எல்லைக்குப் போகும் ஃப்ரீவேயைக் கட்டியதே நான்தான். சரி, பொய். கட்டியது அக்கா வீட்டுக்காரர். நான் அதன்மேல் ஒரு பூசணிக்காய் உடைத்தேன், அவ்வளவுதான்.

எண்பதுகளில் அக்காவைப் பார்க்க விசிட்டர் விசாவில் போயிருந்தேன். மாமா அங்கே ரோடு இன்ஜினியர். நான் எட்டாங்கிளாஸை எட்டிப் பார்த்ததோடு சரி. ஆளுக்கொரு பண்டம் கொண்டுவரும் பாட்லக் விருந்து ஒன்றில் ஒரு ஆன்ட்டி அக்காவிடம், "பார்டர் வரைக்கும் உங்க வீட்டுக்காரர் போடற ரோடுதானாமே!" என்று கண்ணை விரித்தார். அடுத்த வாரமே மாமாவின் ஆபீசில் ஆட்களை லே-ஆஃப் பண்ண ஆரம்பித்தார்கள்.

"கிரீன் கார்டு இன்னும் வரலடா. இந்த வேலை போச்சுன்னா மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்," என்று அக்கா அழுதாள். "அந்த ரோட்டுலயே திருஷ்டி கழிச்சுடு. அவருக்குத் தெரியக் கூடாது."

"நானா?"

"வேற என்ன வேலை உனக்கு? தின்னுட்டு டிவிதானே பார்க்கற!"

ஞாயிற்றுக்கிழமை மாமா சைட்டுக்குக் கிளம்பியபோது, ரோடு பார்க்கணும் என்று தொற்றிக்கொண்டேன். பையில் குங்குமம் திணித்த பூசணிக்காய். அவர் பாஸைப் பார்க்க, அங்கே ஆபீஸாக வைத்திருந்த டிரெய்லருக்குள் போனதும் நான் மேம்பாலத்தில் ஏறினேன். பாலம் பாதியில் நின்றுவிட்டது. அதற்கப்புறம் வெறும் காற்று. கம்பிகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. முருகா என்று ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டேன். சூடத்தை ஏற்றி, சுற்றி, ஓங்கிப் போட்டேன். சட்டை, செருப்பு, கான்கிரீட் எல்லாம் சிவப்பு.

பின்னால் சைரன். போலீஸ்காரர் இறங்கும்போதே துப்பாக்கியில் கை வைத்திருந்தார். ஏதோ கேட்டார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷை மரியாதையாகச் சொன்னேன்: "யெஸ் சார்." அவர் கேட்டது, 'யாரையாவது குத்திட்டியா?' என்று மாமா பிறகு அவரிடமே விசாரித்துச் சொன்னார்.

முட்டி போட வைத்தார். சுடப்போகிறார் என்றே நினைத்தேன். மாமாவும் பாஸும் ஓடி வந்தார்கள். யார் இவன் என்று பாஸ் கேட்டது எனக்கே புரிந்தது. மாமா என்னைப் பார்த்தார். துப்பாக்கிக்கு வராத பயம் அப்போதுதான் வந்தது. தெரியாது என்றால் நான் ஜெயிலுக்கு. தெரியும் என்றால் அவர் வேலை போச்சு. ஹெல்மெட்டைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார். கடைசியில், "என் மனைவியோட தம்பி," என்றார்.

போலீஸ்காரர் பூசணித் துண்டைப் புரட்டிப் பார்த்து, ரத்தமில்லை என்று தெரிந்ததும் என்னை விட்டுவிட்டார். பாஸ் அந்தச் சிவப்பையே பார்த்தார். "மண்டே. மை ஆபீஸ்."

வீட்டில் அக்கா சூட்கேஸை இறக்கிவிட்டாள். மாமா சாப்பிடவில்லை, என்னைத் திட்டவும் இல்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. திங்கட்கிழமை டை கட்டும்போது அவருக்கு முடிச்சே விழவில்லை. நான் பாத்ரூமுக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு—

"டேய், இன்னுமா எழுதிட்டிருக்க?" கீழேயிருந்து அக்கா. "மாமா கார்ல ஏறியாச்சு! இத்தனை வருஷம் அதே ஆபீஸ்ல குப்பை கொட்டிட்டு இன்னிக்குத்தான் ரிட்டயர் ஆகறாரு, அந்தப் பார்ட்டிக்குன்னே ஊர்லேர்ந்து வந்துட்டு லேட்டா போகணுமா? மைக் கிடைச்சுதுன்னு அங்க அந்தப் பூசணிக்காய் கதையை எடுத்தே, கொன்னுடுவேன்!"

வரேன்க்கா.