எதிர்க்கரையிலிருந்து வரைந்த படம்

தொண்ணூறுகளின் நடுவில் சென்னையில் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர் முதுகலை படித்தேன். ஊரில் யாருக்கும் அது என்ன படிப்பென்று விளங்கவில்லை. "தோட்டக்காரன் வேலைக்கு எதுக்குலே ரெண்டு வருசம்?" என்றார் மாமா. இறுதி ஆய்வுக்கு எங்கள் ஊர் ஆற்றங்கரையையே எடுத்துக்கொண்டேன். ஸ்ரீவைகுண்டத்துக்கு மேற்கே, தாமிரபரணியின் தென்கரை. பிறந்து வளர்ந்த இடம்தானே, எனக்குத் தெரியாததா என்ற திமிர்.

ஆண்கள் குளிக்கும் துறையை டேப் பிடித்து ஒவ்வொரு படியாக அளந்தேன். அடுத்தது பெண்கள் துறை. எங்கள் ஊரில் மீசை முளைத்த பிறகு எவனும் அந்தப் பக்கம் தலையைத் திருப்ப மாட்டான். நானும் அங்கே கால் வைக்கவில்லை. எதிர்க்கரையில் நின்று, ஆளில்லாத உச்சி வெயிலில், குத்துமதிப்பாக வரைந்தேன். துறையின் மேட்டில் ஒரு தாழம்புதர் அடர்ந்து கிடந்தது. அதைச் சுற்றிக் கோடு போட்டு, 'அகற்ற வேண்டியது' என்று எழுதினேன். அது போனால் பக்கத்திலிருக்கும் பஸ் பாலத்திலிருந்து கரை முழுவதும் தெரியும். தேர்வாளர்கள் அதைத்தான் மெச்சினார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். பெருமை தாங்காமல் படத்தின் பிரதியொன்றைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் கொடுத்தேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வதென்றால் இதுதான். படத்தில் நான் போட்டிருந்த புல்தரைக்கும் பெஞ்சுக்கும் நிதி இல்லையாம். புதரை வெட்ட இரண்டு அரிவாள் போதுமாக இருந்தது.

அடுத்த முறை ஊருக்கு வந்தபோது அம்மா கொல்லையில் வாளித் தண்ணீரில் குளித்துவிட்டு வந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தினமும் ஆற்றில் முங்கியவள். ஏன் என்று கேட்டேன்.

"அந்தப் பொதரு மறைவுலதான நாங்க துணி மாத்துவோம். இப்பொ பாலத்துல போற பஸ்ஸுல இருந்து எல்லாவனும் பாக்கான். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கப்படாதா?"

"மத்தவங்கள்லாம்?" என்று கேட்டேன்.

"மத்தவளுவ விடியக்கருக்கல்ல போய்க் குளிச்சிட்டு வந்திருதாளுவ. நான் போகல. படம் போட்டது எம்புள்ளைன்னு அத்தனை பேருக்கும் தெரியும்லா. அவளுவ மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

செத்துவிடலாம் போலிருந்தது. ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே, "சோறு வைக்கட்டுமா?" என்றாள். சாகும்வரை அவள் ஆற்றில் இறங்கவில்லை.